சிப்பிக்குத் தொப்புள் இல்லை

முப்பது வருடங்களுக்கு மேலாக நான் ஜெர்மனியில் கல்லை நக்கிச் சம்பளம் வாங்கினேன். போன வைகாசியில் ஓய்வு பெற்றேன். இப்போது நக்கினால் யாரும் சம்பளம் தருவதில்லை. பழக்கம் மட்டும் போகவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது எங்கள் வுப்பர்டால் தமிழ்ச் சனத்துக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "றீற்றா அக்கா கல்லுடைக்கிறா" என்றுதான் பேச்சு. ஊரில் கல்லுடைப்பது மறியலில் கிடக்கும் கைதிகளின் வேலை. என் கணவர் பிலிப்பால் அந்தக் கேவலத்தைத் தாங்க முடியவில்லை. யார் கேட்டாலும் "அவ ஒஃபீசிலை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். ஒருமுறை கலியாண வீடொன்றில் ஒரு பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குசினி மேசைக்குக் கருங்கல் பலகை மலிவாக எடுத்துத் தர ஏலுமோ என்று கேட்டார். இல்லை என்று சொன்னதற்கு, இருந்தும் தராத ஆள் என்று பெயரெடுத்தேன்.

அலுவலகத்தில் கடைசி நாளன்று இளம் நிலவியலாளர்கள் எனக்குக் கேக் வெட்டினார்கள். இப்போது அங்கே ஒரு கமரா வந்திருக்கிறது. அதன் கீழே கல்லை வைத்தால், உள்ளே இருக்கும் பழைய உயிரினத்தின் பெயரைக் கணினி சொல்லும். பகிடிக்கு என் பெருவிரலை வைக்கச் சொன்னார்கள். கடற்சிப்பி வகையாக இருக்கலாம், உறுதியில்லை என்றது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி, இந்தக் கமரா இல்லாத காலத்தில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள், எழுதி வையுங்கள் என்றாள். ஜெர்மன் மொழியில் எழுதினால் என் பிழைகளைத் திருத்தவே அவர்களுக்கு ஒரு கமரா வேண்டும். அதனால் தமிழில் எழுதுகிறேன். அவர்கள் வாசிக்கப்போவதில்லை என்பதில் எனக்கு ஒரு சுதந்திரமும் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே ஒரு விளக்கக் குறைவால்தான். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அர்பைட்ஸ்அம்ட் என்கிற வேலைவாய்ப்புக் கந்தோரில் இருந்த பெண்மணி, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தால் நிரந்தர வேலை கிடைக்கும் என்று சொல்லி ஒவ்வொரு தொழிலாக வாசித்தார். "பிரெப்பராட்டோரின்" என்ற சொல் வந்ததும் நான் கையை உயர்த்தினேன். 'பிரெப்பரீரன்' என்றால் தயாரிப்பது என்று எங்கோ படித்திருந்தேன். தயாரிப்பு என்றால் சமையல்தானே.

நேர்முகத்துக்கு ஒரு பெட்டி நிறைய மீன் கட்லட் செய்துகொண்டு போனேன். மேசையில் பஞ்சடைத்த நரியொன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் போத்தலுக்குள் ஒரு தவளை. இவர்கள் என்னத்தைச் சமைக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே கட்லட் பெட்டியை மேசையில் வைத்தேன். அந்த மனிதர்கள் நல்லவர்கள். கட்லட்டைச் சாப்பிட்டார்கள். இவ்வளவு சின்ன முள்ளையெல்லாம் சதை சிதையாமல் எப்படி எடுத்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். கையால்தான் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு இடம் கிடைத்தது அந்த முள்ளால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

பிரெப்பராட்டோரின் என்றால் செத்த உயிர்களையும் கல்லுக்குள் கிடக்கும் எலும்புகளையும் ஆய்வுக்குத் தயாரிக்கிறவள் என்று பிறகுதான் விளங்கியது. படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எலும்பு அவித்தோம், பறவைத் தோல் உரித்தோம், சாந்து வார்த்தோம், கல்லுக்குள் இருக்கும் எலும்பைச் சுரண்டி எடுத்தோம். பறவைகளில் நான் படு தோல்வி. நான் பஞ்சடைத்த ஆந்தை, பொலிசைக் கண்ட கள்ளனைப்போல முழித்தது. கல் மட்டுமே என்னை மன்னித்தது. அதனால் கல்லோடு போனேன்.

வேலைக்குச் சேர்ந்தது வுப்பர்டாலுக்கு வடக்கே ஒரு நிலவியல் ஆய்வு அலுவலகத்தில். ரூர் நிலக்கரிப் பிரதேசத்தின் தெற்கு விளிம்பு அது. நிலத்தில் துளையிட்டு உருளையாக எடுத்த கல்லை எங்களிடம் கொண்டுவருவார்கள். அது எந்தக் காலத்துக் கல், எந்தப் படை, அதாவது நிலத்தின் எந்த அடுக்கு என்று நாங்கள் சொல்ல வேண்டும். அங்கே என் மேலதிகாரி டொக்டர் ஹென்னிங். உயரமான, ஒல்லியான பெண்மணி. அவரோடு வேலை செய்த அத்தனை காலமும் நாங்கள் ஒருவரையொருவர் மரியாதையாகத்தான் அழைத்தோம். அவர் என்னைச் 'சரி' என்றோ 'பிழை' என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. எதைக் காட்டினாலும் கேட்பது ஒன்றுதான்.

"என்ன தெரிகிறது?"

பெயர் சொல்லக் கூடாது. இது அவருடைய சட்டம். பெயர் சொன்னதும் கண் மூடிவிடும் என்பார். முதலில் தெரிவதை எழுத வேண்டும். நீளம், வளைவு, கோடு, புள்ளி. எழுதி முடித்த பிறகுதான் பெயர்.

அவருடைய ஒழுங்குமுறை எனக்கு இன்றும் மனப்பாடம். கல் உருளைகள் மரப்பெட்டிகளில் வரும். புத்தகம் வாசிப்பதுபோல இடமிருந்து வலமாக அடுக்கியிருக்கும். மேல் முனை இடப்பக்கம். பெட்டியைத் தலைகீழாக வைப்பவருக்கு அன்று தேநீர் இல்லை. முதலில் தூரிகையும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். பிறகு நக்க வேண்டும். சிரிக்காதீர்கள், ஈரத்தில்தான் கல்லின் உள்ளே இருக்கும் உருவம் எழும்பி வரும். தண்ணீர் சீக்கிரம் வழிந்துவிடும், எச்சில் நிற்கும் என்பது டொக்டர் ஹென்னிங்கின் கொள்கை. பிறகு சின்னத் துணுக்கொன்றைக் கடித்துப் பார்க்க வேண்டும். பல்லில் நறநறத்தால் வண்டல், வெண்ணெய்போல வழுக்கினால் களிமண். கடைசியாக மெல்லிய கத்தியை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி, படை படையாகப் பிரிக்க வேண்டும். புத்தகம் ஒட்டிப்போயிருந்தால் எப்படிப் பக்கம் பிரிப்போமோ அப்படி.

சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு பெரிய கண்டுபிடிப்பு கிடைத்தது. கல்லைக் கழுவும்போது கறுப்பு வளையமொன்று கண்ணில் பட்டது. கச்சிதமான வட்டம், நடுவில் துளை. கடல் அல்லி என்றொரு பழைய உயிரினத்தின் தண்டு துண்டு துண்டாக உடைந்தால் இப்படித்தான் வளையங்களாகக் கிடக்கும் என்று படித்திருந்தேன். கதவைத் தட்டவும் மறந்து அவருடைய அறைக்குள் ஓடினேன். சட்டத்தை மறந்து பெயரையும் சொல்லிவிட்டேன். அவர் அதை வாங்கினார். நக்கினார். நகத்தால் அமத்தினார். அது அமுங்கிவிட்டு எழும்பியது.

"ரப்பர்" என்றார். "துளையிடும் இயந்திரத்தினுடையது. காலம், போன செவ்வாய்க்கிழமை."

அவர் சிரிக்கவில்லை. மற்ற எல்லோரும் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். அந்த வளையம் வருடக்கணக்காக என் மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கீழே 'செவ்வாய்க்கிழமைக் காலம்' என்று யாரோ அழகாக எழுதி ஒட்டியிருந்தார்கள்.

கல்லுக்கு எப்படி வயது சொல்வது என்று எங்கள் சனம் கேட்டால் நான் கலியாண அல்பங்களைப் பற்றித்தான் சொல்வேன். ஓர் அல்பத்தை எடுங்கள், தேதி பார்க்காதீர்கள். பெண்களின் சட்டைக் கை பலூன்போல ஊதியிருந்தால் ஒரு காலம். மாப்பிள்ளையின் படத்தைச் சுற்றி இருதய வடிவில் பூப்போட்ட சட்டம் இருந்தால் அடுத்த காலம். வருடம் தெரியாவிட்டாலும் எது முந்தி, எது பிந்தி என்று எந்த மாமியும் அடுக்கித் தந்துவிடுவார். இருநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் நடந்ததும் இதுதான். கால்வாய் வெட்டியவர்கள், சுரங்க அதிகாரிகள், ஞாயிற்றுப் பூசை முடிந்தால் வேறு வேலையில்லாத பாதிரிமார் என்று பலபேர் கல்லுக்குள் இருந்த சிப்பியையும் சங்கையும் பொறுக்கினார்கள். அடியில் கிடக்கும் படை முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்பது தெரிந்ததுதான். அவர்கள் கண்ட புதுமை வேறு. ஒவ்வொரு படைக்கும் தனக்கென்று ஓர் உயிர்க்கூட்டம் இருந்தது. ஒரு படையோடு மறைந்துபோன உருவம் அதற்கு மேலே திரும்பி வரவே இல்லை. ஆகவே இரண்டு மலைகளில், நூறு மைல் தள்ளித் தள்ளி, ஒரே சங்கு கிடைத்தால் அந்த இரண்டு கல்லும் ஒரே காலத்தவை. எத்தனை கோடி வருடம் என்று சொல்ல அவர்களிடம் ஒரு கருவியும் இல்லை. ஆனால் வரிசை அவர்களிடம் இருந்தது. அந்த வரிசை இன்றுவரை பெரும்பாலும் பிழையாகவில்லை.

எல்லாச் சிப்பியும் சாட்சிக்கு உதவாது. என் கணவரிடம் ஒரு பழுப்பு நிறச் சுவெற்றர் இருக்கிறது. ஜெர்மனிக்கு வந்த முதல் குளிரிலிருந்து இன்றுவரை எல்லாப் படங்களிலும் அதுதான். அதை வைத்து எந்தப் படத்துக்கும் காலம் சொல்ல ஏலாது. கொஞ்சக் காலமே வாழ்ந்து, பல இடங்களில் பரவி, பார்த்த உடனே அடையாளம் தெரிகிற உயிர்தான் நல்ல சாட்சி. பலூன் கைச் சட்டைபோல.

இந்த வேலை மண்டைக்குள் ஏறினால் வேறு இடங்களில் மானம் போகும். ஒரு பூசைக்குப் போயிருந்தபோது தேவாலயத்தின் தரைக் கல்லில் அருமையான சுருளொன்று தெரிந்தது. முழந்தாளிட்டேன். விரலில் எச்சில் தொட்டுத் தடவிப் பார்த்தேன். சுருளின் கோடுகளை எண்ணிக்கொண்டு அப்படியே குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது பூசை முடிந்திருந்தது. றீற்றா அக்காவுக்கு என்ன துன்பமோ, இவ்வளவு உருக்கமாக மன்றாடுகிறா என்று பின்வரிசைப் பெண்கள் கண் கலங்கி நின்றார்கள். பிலிப்புக்கு மட்டும் விஷயம் விளங்கிவிட்டது. காருக்குள் ஏறும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

இனி, இதை எழுத உட்கார்ந்த உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

டொக்டர் ஹென்னிங் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடங்களில் ஒன்று. எங்களுக்கு வடக்கே ஒரு சின்ன நகரத்தில், சரிவான தெருவொன்றில், ஒரு காலையில் ஒரு வீட்டின் கராஜ் தரை உள்ளே இறங்கிவிட்டது. கார் மூக்குக் குத்தி நின்றது. யாருக்கும் காயமில்லை. நகரசபை அந்த வரிசை வீடுகளில் இருந்த எல்லோரையும் அன்றே வெளியேற்றியது. அந்தப் பகுதிகளில் பழைய காலத்து விவசாயிகள் தங்கள் காணிக்குக் கீழேயே நிலக்கரி தோண்டியிருக்கிறார்கள். பலர் வரைபடமே வைக்கவில்லை. எங்கே தோண்டினார்கள் என்பது நிலத்துக்கு மட்டும்தான் தெரியும்.

இறங்கிய கராஜுக்கு அடுத்த வீடு சிவபாலனுடையது.

சிவபாலனை எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பூட்டுச் செய்கிற தொழிற்சாலையில் வேலை. பலாலிப் பக்கம் இருந்த அவர்களுடைய வீட்டை, அவர் சின்ன வயதாயிருக்கும்போதே இராணுவம் எடுத்துவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூரையைப் பார்த்திருக்கிறார், உள்ளே போனதில்லை. இங்கே அவரும் மனைவி வசந்தியும் இரண்டு பேருமாக வேலை செய்து வீடு வாங்கிய அன்று, பால் காய்ச்ச எங்களையும் கூப்பிட்டார்கள். அந்த வீட்டின் ஒவ்வொரு கதவையும் எங்களுக்குத் திறந்து பூட்டிக் காட்டினார். பூட்டெல்லாம் அவர் கையால் மாற்றியவை.

இப்போது அவர்களும் இரண்டு பிள்ளைகளுமாக நாலு பேரும் ஓர் உறவினர் வீட்டு முன் அறையில் படுத்துக்கொண்டிருந்தார்கள்.

நகரசபை துளையிட்டுப் பார்த்தது. கீழே மெல்லிய நிலக்கரிப் படை ஒன்று வந்தது. உடையாமல், தோண்டாமல், அப்படியே இருந்தது. முதலில் பார்த்தவர்களின் கருத்து இது. அந்தச் சரிவுக்குக் கீழே இரண்டு நிலக்கரிப் படைகள் உண்டு. மேலது மிக மெல்லியது, அதை யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள். கீழதுதான் விவசாயிகள் விரும்பிய தடித்த படை. துளையில் வந்தது கீழ்ப்படைதான், இந்த இடத்தில் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. அது முழுதாக இருப்பதால் இங்கே சுரங்கம் இல்லை. கராஜ் இறங்கியது கழிவுநீர்க் குழாய் உடைந்து மண்ணைக் கரைத்ததால். குழாயைத் திருத்திவிட்டுச் சனத்தை வீட்டுக்கு விடலாம்.

நல்ல முடிவு. எல்லோருக்கும் பிடித்த முடிவு. உறுதிப்படுத்த மட்டும் கல் எங்களிடம் வந்தது.

ஆழத்தை வைத்து மேற்படையா கீழ்ப்படையா என்று சொல்ல முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். அங்கே முடியாது. சுவரோடு தள்ளிய கம்பளம்போல அந்தப் பிரதேசத்தின் படைகள் மடிந்து மடிந்து கிடக்கின்றன. ஒரே ஆழத்தில் இங்கே ஒன்று, பத்தடி தள்ளி வேறொன்று. பார்வைக்கு இரண்டும் ஒரே கரி, அவற்றின் மேலே ஒரே கறுப்புத் தட்டுக்கல். வித்தியாசம் அந்தத் தட்டுக்கல்லுக்குள் இருந்த உயிர்களில்தான். கீழ்ப்படைக்கு மேலே ஆற்றுச் சேற்றில் வாழ்ந்த சிப்பிகள் மட்டும் கிடக்கும். மேற்படைக்கு மேலே ஒருதரம் கடல் வந்து போயிருக்கிறது. அந்தக் கடலில் வாழ்ந்த கொனியாட்டிட் என்ற உயிர் அங்கே கிடக்கும். நம்முடைய கணவாயின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள், சுருண்ட ஓட்டுக்குள் குடியிருந்தது. சுரங்க அதிகாரிகள் அந்தக் காலத்திலேயே இதைக் கண்டுபிடித்து, கரிப்படைகளை அடையாளம் காணப் பாவித்திருக்கிறார்கள்.

கொனியாட்டிட் கிடைத்தால் துளையில் வந்தது மேற்படை. அப்படியென்றால் விவசாயிகள் தோண்டியிருக்கக்கூடிய கீழ்ப்படை இன்னும் அடியில் கிடக்கிறது. துளை அதைத் தொடாமலே நின்றுவிட்டது.

பெட்டிகள் வந்த அன்றே டொக்டர் ஹென்னிங்கிடம், அந்த வீட்டுக்காரர் எனக்குத் தெரிந்தவர் என்று சொன்னேன். என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எடுத்துவிட வேண்டும் என்று விரும்பினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். உங்களைவிடச் சுத்தமாகப் பிரிக்க இங்கே ஆளில்லை, நீங்களே பிரியுங்கள், ஆனால் ஏதாவது வந்தால் இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்ப்போம் என்றார்.

நாட்கணக்காகப் பிரித்தேன். கல் உருளை ஒரு சின்னத் தேநீர்த் தட்டு அகலம்தான். கடல் முழுக்கக் கொனியாட்டிட் நிறைந்திருந்தாலும், இந்தத் தட்டுக்குள் ஒன்று விழுந்திருக்க வேண்டுமென்று சட்டமில்லை. சிப்பிகள் வந்தன. ஒன்று, பிறகு ஒன்று. சிப்பியைப் பிலிப்பின் சுவெற்றர் என்று சொல்லலாம். எங்கேயும் வரும், எதையும் நிரூபிக்காது. ஆனாலும் ஒவ்வொரு சிப்பி வரும்போதும் என் மனம் வசந்தியின் குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவபாலன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்திருந்தார்.

"அக்கா, கெதியா முடியுங்கோ. நல்லதாத்தானே வரும்?"

"எனக்குச் சொல்லேலாது, தம்பி."

"தெரியாதோ, சொல்லேலாதோ?"

"ரெண்டும்தான்."

அவர் தலையாட்டினார். சின்ன மகள் இரவில் காலில் சப்பாத்தோடு படுக்கிறாள், திரும்பவும் ஓடவேண்டி வருமென்று நினைக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை ஒரு தட்டைப் பிரித்தபோது நகத்தளவில் ஓர் உருவம் வந்தது. நசுங்கியிருந்தது. கல் பிரியும்போது உருவமும் இரண்டாகும். ஒரு பாதியில் உடம்பு, மற்றப் பாதியில் அதன் அச்சு. அச்சுப் பாதியை டொக்டர் ஹென்னிங்கின் மேசையில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

என் பாதியை உருப்பெருக்கியின் கீழே வைத்தேன். முதல் பார்வையில் அது சிப்பியாகத்தான் தெரிந்தது. அவ்வளவு ஆசையோடு பார்த்தால் ஆந்தையும் கிளியாகத் தெரியும். பெயர் சொல்லக் கூடாது என்ற சட்டம் இருந்தபடியால் எழுதத் தொடங்கினேன். வெளி விளிம்பு வட்டமாக வளைகிறது. சிப்பிக்கும் வளையும் என்று மனம் சொன்னது. மெல்லிய கோடுகள். சிப்பிக்கும் கோடுண்டு. ஓரிடத்தில் சிறு சிறு முடிச்சுகள் வரிசையாக. நசுங்கியதால் வந்த சுருக்கமாயிருக்கும் என்று மனம் சொன்னது. ஊசியால் மெல்லச் சுரண்டினேன். அந்த முடிச்சுகள் வளைந்து போய் நடுவில் ஒரு பள்ளத்தைச் சுற்றி நின்றன. அந்தப் பள்ளத்துக்கு எங்கள் தொழிலில் தொப்புள் என்றே பெயர். 'நடுவில் தொப்புள்' என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் என் கை என்ன எழுதியது என்பது எனக்கு உறைத்தது. சிப்பிக்குத் தொப்புள் இல்லை.

நக்கியும் பார்த்தேன். தொப்புள் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

டொக்டர் ஹென்னிங் தன் தாளோடு வந்தார். நான் முதலில் வாசித்தேன், பிறகு அவர். அவருடைய தாளிலும் அதே சொல் இருந்தது. பெயரை இரண்டு பேருமே எழுதியிருக்கவில்லை.

"இப்போது பெயர் சொல்லலாம்" என்றார்.

நான் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்து, இன்னும் ஆழமாகத் துளையிட வேண்டும், அதுவரை ஒருவரையும் உள்ளே விடவேண்டாம் என்று நகரசபைக்குச் சொன்னார்.

அன்று பின்னேரம், நகரசபை வீட்டுக்காரருக்குக் காரணத்தைச் சொன்ன பிறகு, எனக்கும் ஒரு தொலைபேசி வந்தது. சிவபாலன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஊரிலை ஆமி எங்கட வீட்டை எடுத்தது, அக்கா. இஞ்சை ஒரு நத்தை எடுத்துப்போட்டுது. அந்த நத்தையைத் தேடிப் பிடிச்சது எங்கட ஆள்."

அது நத்தை இல்லை, கணவாய் இனம் என்று நான் திருத்தினேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மடைத்தனமான வசனம் அது. அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

துளையிட்ட அன்று மழை. வழக்கமாக அந்த இடத்துக்கு நான் போகத் தேவையில்லை. டொக்டர் ஹென்னிங்கும் போகத் தேவையில்லை. இருவரும் ஒரே குடையின் கீழே நின்றோம். அவருடைய உயரத்துக்குப் பிடித்த குடையால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, முழுக்க நனைந்தேன். தெருவின் மறுகரையில் சிவபாலன் நின்றார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

நான் என்ன வேண்டி நின்றேன் தெரியுமா? நான் பயந்தது பிழையாக இருக்க வேண்டும் என்று. கீழ்ப்படை இருக்கட்டும், ஆனால் தோண்டாமல் முழுதாக இருக்கட்டும். அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் நேர்ந்துவிட்டேன்.

வீட்டு முற்றத்தில் நின்ற இயந்திரம் குசினிக்குக் கீழே போகும்படி சரிவாக, உறுமிக்கொண்டே இறங்கியது. மெல்லிய கரிப்படையைத் தாண்டியது. பிறகு நெடுநேரம் கல். திடீரென்று உறுமல் மாறியது. பிடிமானம் இல்லாத ஒரு வெறும் சத்தம். துளைக்கம்பி ஓர் ஆள் உயரத்துக்குத் தானாகக் கீழே விழுந்தது. இயக்கியவர் உடனே நிறுத்தினார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சிவபாலனின் குசினிக்கு நேர் கீழே நிலம் வெறுமையாக இருந்தது.

ஒருநாளும் சரி என்று சொல்லாத டொக்டர் ஹென்னிங் அன்றும் சொல்லவில்லை. "ஷாடே" என்றார். பாவம், இப்படி ஆகியிருக்க வேண்டாம் என்பதற்கு ஜெர்மன்காரர் சொல்லும் சொல். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருதரம்தான்.

பிறகு லொறிகள் வந்தன. துளை வழியாக நீர்த்த சீமெந்துக் குழம்பை உள்ளே இறைத்தார்கள். காலையில் ஒரு வரிசை, பின்னேரம் ஒரு வரிசை. நிலம் குடித்துக்கொண்டே இருந்தது. நிரம்பிவிட்டது என்று நினைத்தால் எங்கோ ஒரு பக்கவழி திறந்து மறுபடி குடித்தது. வாரங்கள் போயின. எங்கள் சனத்துக்குள் கதை பரவியிருந்தது. முந்திக் கல்லுடைக்கிறவளாக இருந்த நான் இப்போது வீடுடைக்கிறவளாகிவிட்டேன். சிவபாலன் கோயில் திருவிழாவில் என்னைக் கண்டும் காணாமல் போனார். பிலிப் அந்த நாட்களில் என்னைப் பற்றி யாரும் கேட்டால் 'ஒஃபீசிலை' என்றுகூடச் சொல்வதில்லை. "அவ தன்ரை வேலையைச் செய்தவ" என்று சொன்னாராம். இதை எனக்கு வேறு ஆட்கள்தான் சொன்னார்கள்.

ஒருநாள் வசந்தி தனியாக வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்று பேசினார்.

"இண்டைக்கும் லொறி வந்து நிக்குது, அக்கா. இன்னும் நிரம்பேல்லை. இவ்வளவு பெரிய பள்ளத்துக்கு மேலையோ நான் பிள்ளையளைப் படுக்கப் போட்டனான்?"

இந்தமுறை எதையும் திருத்தாமல் இருக்கும் அளவுக்கு எனக்குப் புத்தி வந்திருந்தது. அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

மரங்கள் துளிர்க்கிற காலத்தில் நிலம் குடிப்பதை நிறுத்தியது. மறுபடி துளையிட்டுப் பார்த்தார்கள். சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் கெட்டியான கல். நகரசபை தெருவைத் திறந்தது. வீட்டுச் சுவர்களில் சில வெடிப்புகள் மட்டும், அவை பூசக்கூடியவை.

சிவபாலன் ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார். எங்களையும் கூப்பிட்டார். தொலைபேசியில் கூப்பிட்டது வசந்திதான். நாங்கள் போனபோது ஆட்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள், ஒருவரும் உள்ளே போயிருக்கவில்லை. ஏதோ நல்ல நேரத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து நானும் பின்னால் நின்றேன். சிவபாலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, முதல் நீங்கள் நடவுங்கோ. ஓட்டை இருக்கெண்டு சொன்னது நீங்கள். இப்ப இல்லையெண்டும் நீங்கள்தான் சொல்லவேணும்."

என்னுடைய எடையை இங்கே எழுதமாட்டேன். நிலவியல் பரிசோதனைக்குப் போதுமானது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். முன் அறை, நடை, குசினி. குசினியின் நடுவில், துளைக்கம்பி விழுந்த இடத்துக்கு நேர் மேலே நின்றேன். எல்லோரும் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்தால் மட்டும் போதாது என்று எனக்குப் பட்டது. துள்ளினேன். அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கின. இன்னொருதரம் துள்ளினேன். பிலிப் முகத்தை மூடிக்கொண்டார்.

சின்ன மகள்தான் முதலில் ஓடிவந்து என்னோடு துள்ளினாள். பிறகு அவளுடைய தமையன். பிறகு வசந்தி பால் சட்டியோடு உள்ளே வந்து, துள்ளுகிற எங்களைச் சுற்றிக்கொண்டு போய் அடுப்பை மூட்டினார். சனம் ஒவ்வொருவராக உள்ளே வந்தது. சிவபாலன் மட்டும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பால் பொங்கத் தொடங்கியதும் குனிந்து சப்பாத்தைக் கழற்றி, ஒழுங்காக ஓரமாக வைத்துவிட்டு, தன் வீட்டுக்குள் வந்தார்.